பெயர் வாசிக்கும் மேடை: அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட்டும் தொலைக்காட்சியின் பொறுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரி விளையாட்டிலிருந்து தொழில்முறை விளையாட்டுக்கு வரும் இளைஞர்களை ஒரு விளையாட்டுச் சங்கத்தின் உறுப்பு அணிகள் தமக்குள் வரிசைமுறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். முந்திய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணி முதலில் ஒருவரைத் தெரிவுசெய்யும். வாகை சூடிய அணி கடைசியாகத் தெரிவுசெய்யும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று தொடங்கும். கடைமடைக்கு முதலில் நீர் விட்டுத் தலைமடைக்குக் கடைசியில் மடை திறக்கும் முறைப்பாசனம்போல இது அமைந்திருக்கிறது. தெரிவுசெய்யப்பட்ட வீரர் அந்த ஓர் அணியோடு மட்டுமே சம்பளம் பேச முடியும் என்பதுதான் இதன் உயிர்நாடி. இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் 2008ஆம் ஆண்டு ஏலத்தில் மகேந்திர சிங் தோனியைச் சென்னை சூப்பர் கிங்ஸ் 15 லட்சம் டாலருக்கு எடுத்தபோது, அணிகளுக்கிடையே நிலவிய போட்டியே அந்த விலையை நிர்ணயித்தது. டிராஃப்ட்டோ அத்தகைய போட்டியை அறவே நீக்குவதற்காகவே ஏற்பட்டது. ஏலத்தில் விலை கூவப்படுகிறது. டிராஃப்ட்டில் பெயர் மட்டுமே வாசிக்கப்படுகிறது.

பெயர் வாசிக்கும் இந்த அலுவல் நேஷனல் ஃபுட்பால் லீக் எனப்படும் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தில் 44 ஆண்டுகள் விடுதி அறைகளுக்குள் நடந்தது. 1980ஆம் ஆண்டு அது தொலைக்காட்சிக்கு வந்தது. இன்று பல லட்சம் மக்கள் நேரில் திரளும் மூன்று நாள் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. பந்து உருளாத, புள்ளி எண்ணப்படாத ஒரு கூட்டத்தை ஒளிபரப்பலாம் என்று முடிவெடுத்தவர் யார், அங்கே தெரியவரும் செய்தியை உள்ளபடி சொல்லும் கடமை யாருடையது, கேமராவின் முன் அமர்த்தப்படும் இளைஞனின் மானத்துக்கு யார் காவல் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலகட்டத்திலும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. வெளியிலிருந்து பார்த்து அறிவிக்கும் சாட்சியாக உள்ளே வந்த தொலைக்காட்சி, காலப்போக்கில் அந்த நிகழ்வை நடத்துவோரில் ஒருவராகவே மாறிவிட்டதுதான் அந்த விடைகளை மாற்றிக்கொண்டே வந்தது.

மூடிய அறையின் காலம்

டிராஃப்ட் முறையை முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்கா என்னும் ஆட்டக்காரரைப் பிடிக்க 1930களின் நடுவில் பல அணிகள் போட்டியிட்டன. பெல்லும் முயன்று தோற்றார். கோஸ்ட்கா இறுதியில் புரூக்ளின் அணியில் சேர்ந்தார். பணவசதியுள்ள சில அணிகளே நல்ல வீரர்களை வாரிக்கொண்டுபோனால் மற்ற அணிகள் மைதானத்தில் தோற்று, வருமானத்திலும் தோற்று, இறுதியில் சங்கமே நிலைகுலையும் என்று அவர் வாதிட்டதை 1935ஆம் ஆண்டு மே மாதம் கூடிய உரிமையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வலுவான அணிகளை வைத்திருந்த சிகாகோவின் ஜார்ஜ் ஹாலஸ் போன்றவர்கள்கூடத் தமக்கு நட்டம் தரக்கூடிய இந்த விதியை ஏற்றதற்கு, ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்குக் கூட்டம் சேராது என்பதோடு, வீரர்களின் சம்பளப் போட்டி தணியும் என்ற கணக்கும் காரணமாக இருந்தது.

முதல் டிராஃப்ட் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் நடந்தது. கரும்பலகையில் ஏறத்தாழ 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. 9 அணிகள் 9 சுற்றுகளில் 81 பேரைத் தெரிவுசெய்தன. முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலாகப் பெற்றவர் அவர். ஈகிள்ஸ் அணி அவருக்கான உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாற்றியது; சம்பளப் பேச்சு படியாததால் பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அக்காலத்தில் அணிகளிடம் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் முழுநேர ஆய்வாளர்கள் இல்லை. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் வெலிங்டன் மாரா வெளியூர்ச் செய்தித்தாள்களையும் சஞ்சிகைகளையும் வரவழைத்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தது பெரும் முன்யோசனையாகக் கருதப்பட்டது.

டிராஃப்ட்டை உருவாக்கிய பெல்தான் பின்னர் 1946 முதல் 1959 வரை சங்கத்தின் ஆணையராக, அதாவது உரிமையாளர்களால் நியமிக்கப்பட்டு அவர்களையே நெறிப்படுத்தும் தலைமை நிர்வாகியாக, இருந்து தொலைக்காட்சிக்கு வேலி கட்டினார் என்பது இந்த வரலாற்றின் முரண்களில் ஒன்று. வீட்டிலேயே ஆட்டம் இலவசமாகக் கிடைத்தால் நுழைவுச்சீட்டை வாங்குவோர் இருக்கமாட்டார்கள் என்று அஞ்சிய அவர், ஓர் அணி சொந்த ஊரில் ஆடும்போது அவ்வூரின் சுற்றுவட்டாரத்தில் அந்த ஆட்டத்தை ஒளிபரப்பாமல் தடுக்கும் இருட்டடிப்பு விதியைக் கடைப்பிடித்தார். 1953ஆம் ஆண்டு பிலடெல்பியாவின் கூட்டாட்சி நீதிபதி ஆலன் கிரிம் இந்த விதியின் மையப்பகுதியை அனுமதித்தார். ஆனால் ஒளிபரப்பின் மீது ஆணையருக்கு இருந்த பரந்த அதிகாரங்களைச் செல்லாதவையாக்கினார். தொலைக்காட்சியில் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு தனக்கே உரியது என்று சங்கம் கருதியதற்கும், அந்தக் கருத்தை நீதிமன்றங்கள் அவ்வப்போது கட்டுப்படுத்தியதற்கும் இது தொடக்ககாலச் சான்று.

பெல்லுக்குப் பின் 1960இல் ஆணையரான பீட் ரோசெல் வேலியைக் கதவாக மாற்றினார். அணிகள் தனித்தனியாக ஒளிபரப்பு உரிமையை விற்றால் நியூயார்க் போன்ற பெருநகரத்து அணிகள் கொழிக்கும், கிரீன் பே போன்ற சிற்றூர் அணிகள் வாடும் என்பதால், எல்லா ஆட்டங்களையும் ஒரே கட்டாக விற்று வருவாயைச் சமமாகப் பகிரும் திட்டத்தை அவர் வகுத்தார். அந்த ஒப்பந்தம் வணிகப் போட்டியை முடக்குகிறது என்று 1961இல் அதே கிரிம் தீர்ப்பளித்தபோது, ரோசெல் சட்டமன்ற உறுப்பினர்களை நாடினார். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், சங்கங்கள் தம் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்பதற்கு விலக்கு அளித்தது. இந்தச் சட்டம் பேசியது ஆட்டங்களைப் பற்றி மட்டுமே. ஆண்டுக்கொருமுறை உரிமையாளர்களின் ஆட்கள் கூடிப் பெயர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டத்துக்கும் ஒரு விலை இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது சட்டத்திலும் இல்லை, சந்தையிலும் இல்லை.

சட்டத்தின் நிழலில் ஒரு பங்கீடு

டிராஃப்ட் அக்காலத்தில் மறைவாகவே நடந்ததற்குப் போதிய காரணங்கள் இருந்தன. 1959இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற போட்டிச் சங்கம் தோன்றியதும் ஒரே வீரரை இரு சங்கங்களும் தெரிவுசெய்து, அவரைத் தம்பக்கம் இழுக்கச் செலவிட்டன. எதிர்ச்சங்கத்தின் ஆட்கள் அணுகாதபடி வீரர்களை விடுதிகளில் தங்கவைத்துக் காவல் காக்கும் வழக்கம்கூட உருவாயிற்று. 1965ஆம் ஆண்டு அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜோ நேமத் நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 4,27,000 டாலர் என்று வெளியானபோது, போட்டி இருந்தால் ஒரு வீரருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது நாடறிந்த செய்தியாயிற்று. 1966இல் இரு சங்கங்களும் இணைய உடன்பட்டன. 1967இல் பொது டிராஃப்ட் நடந்தது. போட்டி மறுபடியும் நின்றது.

போட்டி நின்றதால் இழப்புற்றவர்கள் வீரர்கள். 1968இல் வாஷிங்டன் அணியால் முதல் சுற்றில் தெரிவுசெய்யப்பட்டு, முதல் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு ஆட்ட வாழ்வையே இழந்த யாஸூ ஸ்மித், டிராஃப்ட் இல்லாதிருந்தால் தன் உழைப்புக்கு நல்ல விலையும் பாதுகாப்பான ஒப்பந்தமும் கிடைத்திருக்கும் என்று 1970இல் வழக்குத் தொடுத்தார். வணிகர்கள் கூடிப் பேசிப் போட்டியை ஒடுக்குவதைக் குற்றமாக்கும் ஷெர்மன் சட்டத்தை அவர் ஆதாரமாகக் கொண்டார். 1976இல் விசாரணை நீதிமன்றமும் 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் தெரிவுசெய்யப்பட்டபோது இருந்த வடிவில் டிராஃப்ட் அச்சட்டத்தை மீறியது என்று கண்டன. இதற்கிடையே 1977இல் வீரர் சங்கத்தோடு ஏற்பட்ட கூட்டுப் பேர ஒப்பந்தம், தொழிலாளரும் முதலாளிகளும் பேசி ஏற்ற விதிகளுக்கு வணிகப் போட்டிச் சட்டத்தில் உள்ள விலக்கை டிராஃப்ட்டுக்குப் பெற்றுத் தந்தது. 17 ஆக இருந்த சுற்றுகள் 12 ஆகக் குறைந்தன. நீதிமன்றம் குறை கண்ட ஒரு பங்கீட்டு முறை, வீரர் சங்கத்தின் கையெழுத்தால் உயிர் தப்பிய மூன்றாம் ஆண்டில் தொலைக்காட்சிக் கேமராக்கள் அதன் வாசலில் நின்றன. இந்தக் கால நெருக்கத்தை நினைவில் கொண்டால்தான், அணி உரிமையாளர்கள் கேமராவைக் கண்டு ஏன் தயங்கினார்கள் என்பது விளங்கும்.

1980: செய்தி என்னும் நுழைவுச்சீட்டு

டிராஃப்ட்டை ஒளிபரப்ப அனுமதி கேட்டவர் செட் சிம்மன்ஸ். என்.பி.சி. நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு, 1979இல் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் தொடங்கப்பட்ட ஈ.எஸ்.பி.என். என்னும் கேபிள் அலைவரிசையின் தலைவராக வந்தவர் அவர். பில் ரஸ்முசென் தம் மகன் ஸ்காட்டோடு சேர்ந்து தொடங்கி, கெட்டி எண்ணெய் நிறுவனத்தின் முதலீட்டில் அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஒளிபரப்பில் இறங்கிய அந்த அலைவரிசை, விளையாட்டை மட்டுமே நாள் முழுவதும் காட்டப்போவதாக அறிவித்திருந்தது. ஆனால் அமெரிக்கக் கால்பந்தின் ஆட்டங்களெல்லாம் சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. என்ற மூன்று பெரும் நிறுவனங்களின் கையில் இருந்தன. மென்பந்து ஆட்டங்களையும் ஆஸ்திரேலியக் கால்பந்தையும் கொண்டு நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்த அலைவரிசைக்கு, பெரிய சங்கத்தின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துச் சொல்ல ஏதாவது ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. மற்றவர் எவரும் விரும்பாத டிராஃப்ட் ஒன்றே மிஞ்சியிருந்தது.

பெயர்களை வாசிப்பதை எவர் பார்ப்பார் என்று ரோசெல் வியந்தார். உரிமையாளர்களுக்கோ வேறு அச்சம் இருந்தது: தெரிவுசெய்யப்படும் வீரர் ஊரறியப் புகழ்பெற்றால், அவருக்காகச் சம்பளம் பேசும் முகவரின் கை ஓங்கும் என்று அவர்கள் கருதினார்கள். அவர்களின் விருப்பமின்மையை மீறி ரோசெல் கண்ட வழி நுட்பமானது. ஆட்டத்தைப்போல உரிமை விற்று ஒளிபரப்பச் செய்யாமல், செய்தியாளர்கள் வந்து பார்த்து எழுதுவதுபோல ஒரு செய்தி நிகழ்வாக அந்த அலைவரிசை இதைக் காட்டட்டும் என்று அவர் இசைந்தார். இந்த வகைப்படுத்தலால் பொறுப்பும் பிரிந்தது. கூட்டத்தை நடத்துவது சங்கத்தின் வேலையாகவும், எதைக் காட்டுவது, எப்படி விளக்குவது, எந்தத் தெரிவைக் குறைசொல்வது என்பவை அலைவரிசையின் வேலையாகவும் ஆயின. பத்திரிகைக்காரனுக்கு உள்ள சுதந்திரமும் கடமையும் சேர்ந்தே கேமராவோடு அறைக்குள் நுழைந்தன.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, நியூயார்க் ஷெரட்டன் விடுதியில் அந்த முதல் ஒளிபரப்பு நடந்தது. 28 அணிகளின் சார்பாளர்கள் தத்தம் மேசையில் தொலைபேசியோடு அமர்ந்து, தொலைவிலுள்ள தலைமையகம் சொல்லும் பெயரை அட்டையில் எழுதிக்கொடுக்க, அது மேடையில் வாசிக்கப்பட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பில்லி சிம்ஸை முதலாவதாகத் தெரிவுசெய்தது. வேலைநாளில் தொடங்கிய, அசைவு குறைந்த அந்த ஒளிபரப்பில் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே நீண்ட இடைவெளிகள் இருந்தன. தொலைக்காட்சிக்கு ஆகாதவை என்று தோன்றிய அந்த இடைவெளிகளே இந்த நிகழ்ச்சியின் எதிர்காலத்தை வகுத்தன; ஏனெனில் அவற்றை நிரப்பும் பொறுப்பு முழுக்க முழுக்க அலைவரிசையின் தலையில் விழுந்தது.

இடைவெளியை நிரப்பிய தொழில்

வெற்று நேரத்தை நிரப்பும் தேவையிலிருந்து ஒரு புதிய தொழில் பிறந்தது. கல்லூரி ஆட்டங்களை ஆண்டு முழுவதும் பார்த்து, நூற்றுக்கணக்கான வீரர்களைப் பற்றிய குறிப்புப் புத்தகம் வெளியிட்டுவந்த மெல் கைப்பர் என்னும் இளைஞர் 1984இல் ஈ.எஸ்.பி.என். நேரலையில் இடம்பெற்றார். எந்த அணியிலும் பதவி வகிக்காத ஒருவர், அணிகளின் முடிவுகளை அந்த மேடைக்குப் பக்கத்திலேயே அமர்ந்து அக்கணமே எடைபோட்டது அதுவரை இல்லாத வழக்கம். 1994இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் நிலைக்குரிய டிரென்ட் டில்ஃபரைத் தவிர்த்து, தற்காப்பு ஆட்டக்காரர் டிரெவ் ஆல்பர்ட்ஸைத் தெரிவுசெய்ததைக் கைப்பர் கடுமையாகச் சாடினார்; அணியின் நிர்வாகி பில் டோபின் அதே அலைவரிசையில் தோன்றி, இப்படிப் பேசுவதற்கு இவர் யார் என்று சினந்து கேட்டார். செய்தி நிகழ்வு என்ற அனுமதிக்குள் விமர்சனமும் அடங்குமா என்ற கேள்வி அங்கே எல்லோர் முன்னிலையிலும் எழுந்தது. அதே அலைவரிசை இருவர் பேச்சையும் ஒளிபரப்பியதே அதற்கு விடையாகவும் அமைந்தது.

ஒளிபரப்பு வளர வளர, நிகழ்வின் நாளும் இடமும் வேகமும் கேமராவின் வசதிக்கேற்ப மாறின. 1988இல் டிராஃப்ட் வேலைநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. 1995இல் விடுதிக் கூடத்தை விட்டு மேடிசன் ஸ்குவேர் கார்டன் வளாகத்தின் அரங்குக்குச் சென்றது. மாடத்தில் நின்று வேடிக்கை பார்த்த ரசிகர்கள் காட்சியின் பாத்திரங்களாயினர். 1983இல் குவாட்டர்பேக் டேன் மரீனோவை விடுத்து ஜெட்ஸ் அணி கென் ஓ'பிரையனைத் தெரிவுசெய்தபோதும், 1999இல் ஈகிள்ஸ் அணி டானவன் மெக்னாபின் பெயரைச் சொன்னபோதும் ரசிகர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்புக் கூச்சல், வாசிக்கப்பட்ட பெயருக்கு நிகரான நிகழ்வாகவே திரையில் பதிந்தது. முதல் சுற்றில் ஓர் அணிக்கு 15 நிமிட அவகாசம் இருந்ததால் 2007இல் அந்தச் சுற்று மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. மறு ஆண்டே அவகாசம் 10 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. 2010இல் முதல் சுற்று வியாழக்கிழமை இரவுக்கு, அதாவது மக்கள் மிகுதியாகத் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்துக்கு, மாற்றப்பட்டு நிகழ்வு மூன்று நாளுக்கு விரிந்தது. அணிகளின் தொழில்நுட்பத் தேவை ஒருநாளில் முடியக்கூடியதே. மூன்று நாள் என்பது திரையின் தேவை.

தொலைக்காட்சி ஒரு பங்கீட்டுக்குச் சாட்சியாக நிற்பதன் வலிமையும் வரம்பும் கூடைப்பந்தில் தெளிவாக வெளிப்பட்டன. டிராஃப்ட்டில் முதலிடம் பெறுவதற்காகவே சில அணிகள் வேண்டுமென்று தோற்கின்றன என்ற புகார் 1984இல் வலுத்ததால், நேஷனல் பாஸ்கெட்பால் அசோசியேஷன் 1985இல் குடவோலைபோலக் குலுக்கலை அறிமுகப்படுத்தியது. பின்தங்கிய ஏழு அணிகளின் பெயர்களை உறையிலிட்டு, உருளையில் சுழற்றி, ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தேசியத் தொலைக்காட்சியில் எடுத்தார். கல்லூரி ஆட்டக்காரர் பேட்ரிக் யூயிங்கைப் பெறும் வாய்ப்பு நியூயார்க் அணிக்குக் கிடைத்தது. நேர்மையை மெய்ப்பிக்கவே கேமரா அழைக்கப்பட்டது. ஆனால் உறையொன்றின் மூலை மடிந்திருந்ததாகச் சொல்லி ஐயம் எழுப்புவோருக்கு அதே கேமராவின் பதிவே ஆதாரமாயிற்று. பின்னாளில் உண்மையான குலுக்கல், செய்தியாளர்களும் தணிக்கையாளர்களும் சாட்சியாக இருக்கும் தனி அறையில் நடத்தப்பட்டு, அதன் முடிவு மட்டும் திரையில் உறை பிரித்துக் காட்டப்படலாயிற்று. காட்சியையும் சாட்சியத்தையும் பிரித்துவைக்க வேண்டும் என்ற பாடத்தைக் கூடைப்பந்துச் சங்கம் அனுபவத்தில் கற்றது.

தெரிந்தும் சொல்லாத செய்தி

அமெரிக்கக் கால்பந்தில் அந்தப் பிரிவினை எதிர்த்திசையில் மங்கியது. 2003 நவம்பரில் சங்கம் என்.எஃப்.எல். நெட்வொர்க் என்ற சொந்த அலைவரிசையைத் தொடங்கி, 2006 முதல் டிராஃப்ட்டைத் தானும் ஒளிபரப்பியது. செய்திக்கு உரியவரே செய்தி நிறுவனமாகவும் ஆனார். வெளி அலைவரிசையான ஈ.எஸ்.பி.என்., 1987 முதல் சங்கத்தின் ஆட்டங்களைப் பெரும்பணம் கொடுத்து ஒளிபரப்பும் கூட்டாளியாகவும் இருந்தது. இந்த நிலையில், அணிகளுக்குள் செய்தித் தொடர்பு வைத்திருந்த நிருபர்கள் வாசிக்கப்படவிருக்கும் பெயரைச் சில நிமிடங்கள் முன்பே அறிந்து டிவிட்டரில் எழுதத் தொடங்கியபோது, முந்திச் சொல்வதே பெருமை என்ற செய்தித்தொழிலின் நியதியும், மேடையின் சுவை கெடலாகாது என்ற காட்சித்தொழிலின் நியதியும் மோதின. 2012இல் இரு அலைவரிசைகளும், மேடைக்குப் பின்னுள்ள காத்திருப்பறையில் வீரர்கள் அணியின் அழைப்பைப் பெற்றுத் தொலைபேசியில் பேசும் காட்சியைப் பெயர் அறிவிக்கப்படும் முன் காட்டுவதில்லை என்று உடன்பட்டன. அவற்றின் நிருபர்களும் பெயர்களை முந்தி வெளியிடுவதைத் தவிர்த்தார்கள்.

இது யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு சிறு நாகரிகமாகத் தோன்றலாம். பார்வையாளர் பலரும் இதையே விரும்பினார்கள் என்பதும் மெய். எனினும் 1980இல் கேமராவுக்கு வழிவிட்ட அடிப்படையோடு வைத்துப் பார்த்தால் இதன் பொருள் வேறு. அன்று அலைவரிசை உள்ளே வந்தது தெரிந்ததைச் சொல்லும் செய்தியாளனாக. 2012இல் அது தெரிந்ததைத் தக்க நேரம்வரை அடக்கிவைக்கும் கூத்தின் கட்டியங்காரனாக நின்றது. அந்த உடன்பாட்டுக்குள் வராத வெளி நிருபர்கள் முந்தி எழுதும் உரிமையைக் கைவிடவில்லை என்பது, செய்தி என்ற பழைய வகைப்பாடு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

காத்திருப்பறையும் வீட்டுக்கூடமும்

பொறுப்பின் மிகக் கடினமான பகுதி வீரரைச் சார்ந்தது. காத்திருப்பறைக்கு அழைக்கப்படுபவர்கள் இருபதை ஒட்டிய வயதினர்; குடும்பத்தோடு, புத்தாடை அணிந்து, தம் பெயர் எப்போது வரும் என்று தெரியாமல் அமர்ந்திருப்பவர்கள். 2005இல் முதலாவதாகவே தெரிவுசெய்யப்படலாம் என்று பேசப்பட்ட ஆரன் ராஜர்ஸ் 24ஆவது இடம்வரை நான்கு மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்திருந்தபோது, அறை காலியாகக் காலியாகக் கேமரா அவர் முகத்துக்கே திரும்பத் திரும்பச் சென்றது. அவர் பின்னர் தம் காலத்தின் பெரும் ஆட்டக்காரர்களில் ஒருவராக விளங்கியதால் அக்காட்சி இன்று சுவையான முன்கதையாக நினைக்கப்படுகிறது. அப்படி விளங்காத மற்றவர்களின் காத்திருப்புக்கு அத்தகைய ஈடு எதுவும் வாய்க்கவில்லை. 2016இல் லாரமி டன்சில் என்ற வீரரின் டிவிட்டர் கணக்கில் எவரோ அத்துமீறி நுழைந்து, அவர் வாயுமுகமூடி வழியே புகைப்பதைக் காட்டும் பழைய காணொளியை நிகழ்ச்சி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் வெளியிட்டார்கள். ஒரு குற்றச்செயலால் வெளிவந்த அந்தப் படம் செய்தியாக நாடெங்கும் பரவியது. அவர் 13ஆவது இடம்வரை சரிந்தார். வரிசையில் இறங்கும் ஒவ்வோர் இடமும் முதல் ஒப்பந்தத்தின் தொகையைக் குறைக்கும் என்பதால், அந்த இரவில் முகத்தை மட்டுமன்றி ஊதியத்தையும் திரை தொட்டது.

பெருந்தொற்றால் கூட்டம் கூட இயலாத 2020இல் இந்தப் பொறுப்பு முழு உருவில் வெளிப்பட்டது. ஆணையர் ராஜர் குடெல் தம் வீட்டின் நிலவறையிலிருந்து பெயர்களை வாசித்தார், 58 வீரர்களின் வீடுகளுக்குப் படப்பிடிப்புக் கருவிகள் அனுப்பப்பட்டு, வீட்டாரே கேமராவை நிறுவினார்கள், ஈ.எஸ்.பி.என்., என்.எஃப்.எல். நெட்வொர்க் இரண்டும் ஒரே ஒளிபரப்பாக இணைந்தன. முதல் சுற்றைச் சராசரியாக 1.56 கோடிப் பேர் பார்த்தார்கள். விருந்தினர் வீட்டுக்குள் வரும்போது கூடத்தோடு நிற்பது வழக்கம்; இந்த ஒளிபரப்போ அடுக்களைவரை சென்றது. தெரிவுசெய்யப்பட்ட வீரர்களின் குடும்பத்து மரணங்களையும் துயரங்களையும் திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்தாகக் காட்டிக்கொண்டேயிருந்தது பலரை முகம் சுளிக்கவைத்தது. ஒரு வீரரின் தாய் போதைப் பழக்கத்தோடு போராடியதை ஒற்றைவரித் தகவலாக இட்டதற்கு ஈ.எஸ்.பி.என். வருத்தம் தெரிவித்தது. தேர்ந்த செய்தியாளர் ஒருவர் பக்குவமாக, முன்னும் பின்னும் சொல்லி எழுதக்கூடிய வாழ்க்கைக் கதை, பெயருக்கும் பெயருக்கும் இடையேயான நிமிடங்களை நிரப்பும் துணுக்காகச் சுருங்கியதே அங்கு நேர்ந்த பிழை. 1980இன் இடைவெளி நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அலைவரிசையின் தலைவலியாகவே இருந்தது.

சாட்சியின் பங்கு

2015இல் சிகாகோவுக்குச் சென்றது முதல் டிராஃப்ட் நியூயார்க்கை விட்டு ஊர் ஊராகச் சுற்றும் விழாவாகியிருக்கிறது. 2017இல் பெல்லின் பிலடெல்பியாவில் கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளில் மேடை அமைந்தபோது இரண்டரை லட்சம் வருகைகளும், 2024இல் டெட்ராய்ட்டில் மூன்று நாளிலும் சேர்த்து 7,75,000 வருகைகளும் கணக்கிடப்பட்டன. விழாவை நடத்த நகரங்கள் போட்டியிடுகின்றன. போட்டியை நீக்குவதற்காகப் பிறந்த முறை தன்னைச் சுற்றி வேறு போட்டிகளை வளர்த்திருக்கிறது. இளைஞர் ஒருவர் தாம் எந்த ஊரில், எவரிடம் வேலை செய்வது என்பதைத் தாமே தெரிந்தெடுக்க முடியாது என்ற அடிப்படை மட்டும் கரும்பலகைக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. தெரிவுசெய்த அணிக்கு ஆட மறுத்துத் தம் விருப்பப்படி இடம்மாறிய 1983ஆம் ஆண்டின் ஜான் எல்வேயும் 2004ஆம் ஆண்டின் ஈலை மேனிங்கும் விதிவிலக்குகள். மேனிங் அன்று மேடையில் விருப்பமின்றி நின்ற முகத்தை ஒளிபரப்பிய கேமராக்கள், வீரர்களின் மனம் இந்த ஏற்பாட்டில் கேட்கப்படுவதில்லை என்பதை வேறெந்த விளக்கத்தைவிடவும் தெளிவாகக் காட்டின. சாட்சி சாட்சியாக நின்ற கணங்கள் அவை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் கால்பந்துச் சங்கமும் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. அதன்படி என்.எஃப்.எல். நெட்வொர்க் உள்ளிட்ட சங்கத்தின் ஊடகச் சொத்துகள் சில ஈ.எஸ்.பி.என். வசமாகும், அதற்கு ஈடாக அந்நிறுவனத்தில் 10 விழுக்காட்டுப் பங்கு சங்கத்துக்குச் செல்லும். செய்தி சேகரிப்பில் தன் சுதந்திரம் குறையாது என்பது அலைவரிசையின் நிலைப்பாடு. 45 ஆண்டுகளுக்கு முன் செய்தியாளன் என்ற ஒரே தகுதியைக் காட்டி விடுதி அறையின் கதவைத் தட்டிய நிறுவனத்தில், அந்த அறையின் சொந்தக்காரருக்கே பத்தில் ஒரு பங்கு என்ற நிலை இவ்வாறு உருவாகியிருக்கிறது. மேடையில் வாசிக்கப்படும் பெயரைக் குறைசொல்லவும், காத்திருப்பவனின் முகத்திலிருந்து கேமராவைத் திருப்பவும், தெரிந்த செய்தியைத் தெரிந்த நொடியில் சொல்லவும் வேண்டிய கடமைகள் இனி ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கப்போவதில்லை. ஒளிபரப்புக் கூடத்தில் அந்தக் கணத்தில் அமர்ந்திருப்பவர்களின் மனச்சான்றையே அவை நம்பியிருக்கின்றன.